முள் இருந்தால் மட்டும் போதுமா? இலவம்பாடி கத்திரி விதையைக் காக்க ஒரு மரபியல் பாடம்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பிரியாணி பரிமாறினால், பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய்த் தொக்கும் வந்தாக வேண்டும். தோல் தொழிலுக்குப் பேர்போன இந்த வட்டாரத்துக்கு, கத்திரிக்காயும் ஒரு தனிப் பெயரை வாங்கித் தந்திருக்கிறது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் உள்ள இலவம்பாடியின் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்டிலும் இலையிலும் காயின் காம்பு மூடியிலும் முள் இருப்பது இதன் அடையாளம். பறிக்கும்போது கையைக் குத்தும் அந்த முள்ளைப் பார்த்துத்தான் சந்தையில் காயை இனம் காண்கிறார்கள்.

புவிசார் குறியீடு காக்கும் பெயரை. விதையைக் காக்க வேண்டியது நாம்தான். கத்திரியில் விதை கலப்பது எளிது. கலந்தது உடனே கண்ணுக்குத் தெரியாது. சொந்த விதை வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வயலில் மூன்றாம் ஆண்டில் திடீரென்று முள் இல்லாத செடிகள் முளைக்கலாம். காய் ஒன்று நீளமாக, ஒன்று உருண்டையாக வரலாம். "மண் மாறிப்போச்சு, ரகம் கெட்டுப்போச்சு" என்று விட்டுவிடுவோம். மண்ணின் மீது பழி போடும் முன், பண்புகள் தாய்ச்செடியிலிருந்து பிள்ளைச் செடிக்கு எப்படிப் போகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த மூன்று ஆண்டுக் கதையை முதல் ஆண்டிலேயே தடுக்கலாம்.

கலப்பு நடப்பது பூவில், தெரிவது பேரப்பிள்ளையில்

கத்திரிப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான் நடக்கிறது. ஆனால் முழுவதும் அப்படி அல்ல. கத்திரியின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. உப்பு டப்பாவைக் குலுக்கினால் உப்பு கொட்டுவதுபோல், பூ அதிர்ந்தால்தான் மகரந்தத் தூள் கொட்டும். காற்றும் அதிர வைக்கும். 'ரீங்' என்று ஒலி எழுப்பி வரும் கரிய மர வண்டும், நீலக் கோடு போட்ட காட்டுத் தேனீயும் இன்னும் நன்றாக அதிர வைக்கும். அவை அடுத்த வயல் பூவில் இருந்து வந்தால், அந்த வயலின் மகரந்தத்தையும் சுமந்தே வரும். கத்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் ஓரிரு சதவீதம்தான். பூச்சி நடமாட்டம் அதிகமான இடங்களில் ஏறக்குறைய பாதி வரை போவதும் உண்டு.

இங்கேதான் முதல் ஏமாற்றம் இருக்கிறது. உங்கள் முள்ளு கத்திரிப் பூவில் பக்கத்து வயலின் முள்ளில்லாக் கத்திரி மகரந்தம் விழுந்தாலும், அந்தப் பூவில் இருந்து வரும் காய் துளியும் மாறாது. காயின் தோல், சதை, காம்பு மூடி எல்லாம் தாய்ச்செடியின் உடம்பு. தகப்பன் வழி கலப்பு அந்தக் காய்க்குள் இருக்கும் விதையில் மட்டுமே இருக்கிறது. ஆகவே, "காய் அச்சு அசலாக இருக்கிறது, இதையே விதைக்கு விடலாம்" என்று முடிவு செய்வது, மாட்டின் கொம்பைப் பார்த்து அதன் வயிற்றில் இருக்கும் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்று சொல்வதற்குச் சமம்.

மறைந்திருக்கும் பண்பு

அந்தக் கலப்பு விதையை விதைத்தால் முளைக்கும் செடியிலாவது வித்தியாசம் தெரியுமா? முள்ளைப் பொறுத்தவரை தெரியாது. இது இரண்டாவது ஏமாற்றம்.

காரணம் எளிது. கத்திரியின் ஒவ்வொரு செல்லிலும் 12 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. ஜோடியில் ஒன்று தாயிடம் இருந்தும், மற்றொன்று தகப்பனிடம் இருந்தும் வருகிறது. ஆகவே ஒவ்வொரு பண்புக்கும் உரிய மரபணு, செடிக்குள் இரண்டு படிகளாக இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அது தூய செடி. ஒன்று 'முள்' என்றும் மற்றொன்று 'முள் இல்லை' என்றும் இருந்தால் அது கலப்புச் செடி. கத்திரியில் பொதுவாக முள் உள்ள தன்மை ஓங்கு பண்பு. முள் இல்லாத தன்மை ஒடுங்கு பண்பு. ஒரு படி 'முள்' இருந்தாலே செடி முழுக்க முள் வந்துவிடும். இன்னொரு படி உள்ளே ஒளிந்துகொள்ளும்.

இதன் அடிப்படையை 2024-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. கத்திரி, அதன் உறவுச் செடிகள், ரோஜா போன்ற பல தாவரங்களில் முள் உருவாக ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரபணு காரணமாக இருக்கிறது. வளர்ச்சி ஊக்கியான சைட்டோகைனினைத் தயாரிப்பதில் பங்குள்ள மரபணு அது. நம் முன்னோர் முள்ளில்லாக் கத்திரியைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த மரபணு பழுதான செடிகளைத்தான் அறியாமல் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். பழுதான படி ஒன்றாக இருக்கும் வரை நல்ல படி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே பழுதானால்தான் முள் வராது. ஒடுங்கு பண்பு என்பதன் பொருள் இதுதான்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டியவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் நாட்டின் புர்னோ நகர மடத்தில் துறவியாக இருந்த அவர், 1856 முதல் பல ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. காணாமல் போனதாக நினைத்த பண்பு, பேரப்பிள்ளையில் திரும்பி வந்தது. 1866-ல் அச்சான அந்தக் கட்டுரையை 1900 வரை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

உங்கள் கத்திரி வயலில் நடப்பதும் இதேதான். முதல் ஆண்டு பூவில் கலப்பு. இரண்டாம் ஆண்டு முளைத்த கலப்புச் செடியில் முள் இருக்கிறது, சந்தேகம் வரவில்லை, அதில் இருந்தும் விதை எடுக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு, அந்த விதையில் முளைத்தவற்றில் நாலில் ஒன்று முள் இல்லாமல் நிற்கிறது.

பிடுங்கிப் போட்டால் தீருமா?

முள்ளில்லாச் செடியைக் கண்டதும் பிடுங்கிப் போடுவது நல்ல பழக்கம். இதைத்தான் கலவன் நீக்குதல் என்கிறோம். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஒரு கலப்புச் செடி தன் மகரந்தச் சேர்க்கையில் கொடுத்த 100 விதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 25 செடிகள் தூய முள், 50 செடிகள் கலப்பு முள், 25 செடிகள் முள் இல்லாதவை. கடைசி 25-ஐப் பிடுங்கிவிட்டீர்கள். மீதி 75-ல் 50 செடிகள் வெளியே முள்ளோடும் உள்ளே ஒளித்துவைத்த பழுதோடும் நிற்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு!

அந்த 75-ல் இருந்தும் சமமாக விதை எடுத்தால், அடுத்த தலைமுறையில் ஆறில் ஒரு செடி முள் இல்லாமல் வரும். அதையும் பிடுங்கினால் அதற்கடுத்த முறை பத்தில் ஒன்று. பின்னர் பதினெட்டில் ஒன்று. வெளியில் இருந்து புதுக் கலப்பே வராவிட்டாலும் இந்த வேகம்தான். பிடுங்கிப் பிடுங்கி ஆண்டுகள் ஓடும். குறை குறையும், மறையாது. ஒடுங்கு பண்பை ஒழிப்பது ஏன் கடினம் என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

பிள்ளையைப் பார்த்துத் தாயைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு தாய்ச்செடி தூயதா, கலப்பா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பார்த்தால் சொல்லிவிடலாம். அதற்கு ஆய்வகம் தேவை இல்லை. தோட்டத்தில் நாலைந்து சென்ட் இடம் போதும்.

* வயலில் நன்றாகக் காய்க்கும், முள்ளும் காய் வடிவமும் சரியாக இருக்கும் 30 முதல் 40 செடிகளைத் தேர்ந்தெடுத்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.
* ஒவ்வொரு செடியிலும் மறுநாள் விரியப்போகும் மொட்டுகள் சிலவற்றை முதல் நாள் மாலையே மெல்லிய துணிப் பை அல்லது காகிதப் பையால் மூடுங்கள். காம்பு நீண்ட, சூல்முடி மகரந்தப் பைகளுக்கு வெளியே தெரியும் பூக்களில்தான் காய் நன்றாகப் பிடிக்கும். காலையில் பையோடு பூவை விரலால் லேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் கொட்டும். பிஞ்சு விட்டதும் பையை எடுத்துவிட்டு, காம்பில் வண்ண நூல் கட்டிவிடுங்கள்.
* அந்தக் காய்கள் முற்றிப் பழுத்து மஞ்சளான பின் பறித்து, ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனித்தனி உறையில், எண் போட்டு வையுங்கள். ஒன்றாகக் கொட்டினால் சோதனையே வீண்.
* அடுத்த பட்டத்தில் ஒவ்வொரு உறையில் இருந்தும் கொஞ்சம் விதையை மட்டும் எடுத்து, தாய்க்கு ஒரு வரிசை என்று 16 முதல் 20 செடி நடுங்கள். மீதி விதை உறையிலேயே இருக்கட்டும்.
* ஒரு வரிசையில் முள் இல்லாத செடி ஒன்றே ஒன்று வந்தாலும், அந்தத் தாய் கலப்பு. அந்த உறையை ஒதுக்கிவிடுங்கள். எல்லாச் செடியிலும் முள் இருந்தால், அந்தத் தாயின் உறையில் மீதம் உள்ள விதையை நம்பி விதைப் பெருக்கத்துக்கு எடுக்கலாம்.

ஏன் 16 செடி? கலப்புத் தாயின் ஒரு பிள்ளைக்கு முள் வர நாலில் மூன்று வாய்ப்பு. 16 பிள்ளைக்கும் ஒன்றுவிடாமல் முள் வந்து நம்மை ஏமாற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஐந்தாறு செடி மட்டும் நட்டால் அந்த ஏமாற்றத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் இருபதாகிவிடும்.

மொட்டுக்குப் பை போடுவதை விட்டுவிட வேண்டாம். பை போடாத பூவில் பக்கத்து வயல் மகரந்தம் விழுந்திருந்தால், பிள்ளைகள் எல்லாம் முள்ளோடு வந்து, கலப்பையே தூயது என்று காட்டிவிடும்.

வரிசை நடவில் முள்ளோடு காயையும் பாருங்கள். ஒரே வரிசையில் காயின் நிறமும் வடிவமும் சிதறி வந்தால், அந்தத் தாய் வேறு பண்புகளில் கலப்பு என்று அர்த்தம்.

எல்லாப் பண்பும் முள் போன்றது அல்ல

முள் உண்டா, இல்லையா என்பதை ஒரு மரபணு பெரிதும் தீர்மானிக்கிறது. மகசூல், காயின் எடை, தண்டு மற்றும் காய்ப்புழுவைத் தாங்கும் திறன் போன்றவை அப்படி அல்ல. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, அவற்றின் மீது மண், தண்ணீர், உரம் எல்லாம் கைவைத்து உருவாகும் பண்புகள் அவை.

வாய்க்கால் ஓரம் நிற்கும் செடி பெரிதாக வளர்ந்து கூடை கூடையாகக் காய்க்கும். அதன் விதையை எடுத்து விதைத்தால் பிள்ளைகள் சாதாரணமாகவே வரும். அந்தச் செடி வாங்கியது கூடுதல் தண்ணீரும் இடைவெளியும். விதைக்குள் ஏறியது எதுவும் இல்லை. எனவே வரப்போரச் செடி, வாய்க்கால் ஓரச் செடி, எரு குவித்த இடத்துச் செடி, பக்கத்தில் செடி செத்து இடம் விட்ட செடி ஆகியவற்றை விதைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். வயலை மனதளவில் பத்துப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அக்கம்பக்கச் செடிகளைவிடச் சிறந்த மூன்று செடிகளை எடுங்கள். மண் வளத்தின் வித்தியாசம் ஓரளவு அடிபட்டுப்போகும்.

நம் பகுதியில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. ராணிப்பேட்டையில் இருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய தோல் தொழிற்பகுதியில் பல கிணறுகளின் நீர் உப்பாகிப்போனது நமக்குத் தெரியும். தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்ற, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வின் கணக்கு, உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே இடம்பெற்றது. கத்திரி உப்பை அதிகம் தாங்கும் பயிர் அல்ல. உப்பு நீர் பாய்ந்த வயலில் செடி குட்டையாகும், இலை நுனி கருகும், காய் சிறுக்கும். ஆனால் அந்தக் குட்டைத்தனம் விதை வழியே பிள்ளைக்குப் போவதில்லை. நல்ல நீர் உள்ள வயலில் அதே ரகம் பழையபடி வளரும். அதுபோலவே, உப்பு வயலில் ஒரு செடி மட்டும் செழிப்பாக நின்றால், உடனே 'உப்பைத் தாங்கும் ரகம் கிடைத்துவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். அதன் வேரடியில் மட்டும் உப்பு குறைவாக இருக்கலாம். அதன் விதையையும் மற்றச் செடிகளின் விதையையும் அதே உப்பு வயலில் பக்கம் பக்கமாக வரிசை வைத்துப் பார்த்து, பிள்ளைகளும் தாங்கினால் மட்டுமே அது மரபு.

சிற்றிலை நோயையும் பலர் 'விதை கெட்டது' என்று எண்ணுகிறார்கள். இலைகள் சிறுத்துக் கொத்தாகி, பூவும் காயும் இல்லாமல் செடி மலடாவது ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால். அதைத் தத்துப்பூச்சி பரப்புகிறது. இது பரம்பரைக் குறை அல்ல. செடியைப் பிடுங்கி அழித்து, தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துவதே வழி.

வீரிய ஒட்டு விதையைத் திரும்ப எடுக்கலாமா?

வேண்டாம். காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. இரண்டு தூய வழிகளைக் கலந்த முதல் தலைமுறைதான் வீரிய ஒட்டு. எல்லாச் செடியும் ஒரே மாதிரி, வீரியத்தோடு இருக்கும். கத்திரியில் இப்படிப்பட்ட விதையை ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் 1924-லேயே விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதன் காயில் இருந்து விதை எடுத்தால், ஒரு பண்பு அல்ல, வேறுபட்ட பண்புகள் எல்லாமே ஒரே நேரத்தில் பிரிந்து சிதறும். காய் ஒரு மாதிரியாக வராது, வீரியமும் குறையும்.

நாட்டு ரகத்தில் சொந்த விதை எடுக்க முடிவதற்குக் காரணம், அது பல தலைமுறையாகத் தன் மகரந்தச் சேர்க்கையில் நிலைத்துப்போனது. ஒவ்வொரு தலைமுறைத் தன் மகரந்தச் சேர்க்கையிலும் கலப்புத்தன்மை பாதியாகக் குறைகிறது: முதல் தலைமுறையில் கலப்பாக இருந்த மரபணுக்களில் பாதி, பிறகு கால், பிறகு அரைக்கால். ஏழெட்டுத் தலைமுறையில் கிட்டத்தட்ட தூய வழி. விரிஞ்சிபுரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இலவம்பாடி நாட்டு ரகத்தில் இருந்து தனிவழித் தேர்வு செய்து வெளியிட்ட 'விஆர்எம் (பிஆர்) 1' இந்த அடிப்படையில் உருவானதே.

தனிவழி ரகத்தில் காய் சீராக இருக்கும். ஆனால் ஒரே செடியின் வம்சம் என்பதால் மரபு அகலம் குறைவு. நாட்டு ரக விதையை வைத்திருப்பவர்கள் ஒரே செடியின் விதையை மட்டும் பெருக்காமல், வரிசைச் சோதனையில் தேறிய 20, 30 தாய்களின் விதையைச் சம அளவில் கலந்து வைப்பது நல்லது. புதுப் பூச்சி, புது நோய், கோடை வெப்பம் எது வந்தாலும் சில செடிகளாவது தாங்கும்.

விதை எடுக்கும்போது கவனிக்க

ஒரு ஏக்கருக்கு ரக விதை ஏறக்குறைய 160 கிராம் போதும். இவ்வளவு சிறிய அளவுக்காக முழு வயலையும் காக்க வேண்டியதில்லை. ஓரிரண்டு சென்ட் விதைப் பாத்தியைக் கருத்தாகப் பார்த்தால் போதும்.

பயிர் விலகு தூரம் முக்கியம். வேறு கத்திரி ரகத்தில் இருந்து ஆதார விதைக்கு 200 மீட்டர், சான்று விதைக்கு 100 மீட்டர் விட வேண்டும் என்பது விதைச் சான்று விதி. உங்கள் நிலத்தில் அந்த இடைவெளி இல்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. பக்கத்து விவசாயியோடு பேசி, இருவரும் ஒரே ரகம் வைப்பது ஒன்று. விதைக்கான பூக்களுக்கு மட்டும் பை போடுவது மற்றொன்று. கலவனைப் பூக்கும் முன், பூக்கும்போது, காய் பிடித்த பின் என மூன்று முறை சுற்றிப் பார்த்து நீக்குங்கள். பூத்த பிறகு பிடுங்கினால், அதற்குள் அதன் மகரந்தம் கொஞ்சம் பரவியிருக்கும்.

பழுத்து மஞ்சளான காயைப் பிளந்து, சதையோடு பிசைந்து தண்ணீரில் கழுவுங்கள். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கிய விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தி, பிறகு இளவெயிலில் 8 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ரகப் பெயர், ஆண்டு, தாய்ச்செடி எண் எழுதிய சீட்டை உறைக்கு உள்ளும் வெளியும் வையுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001, விவசாயி தன் விளைச்சலில் இருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தை அதன் பெயரில் வணிக முத்திரையிட்ட விதையாக விற்க மட்டும் அனுமதி இல்லை. விவசாயிகளின் பாரம்பரிய ரகத்தைப் பதிவு செய்துகொள்ளவும் அதே சட்டத்தில் வழி உண்டு.

இந்தப் பட்டத்தில் முழுத் திட்டத்தையும் தொடங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. பத்துச் செடிக்குக் குச்சி நட்டு, பத்து மொட்டுக்குப் பை போட்டு, பத்து உறையில் எண் எழுதி வையுங்கள். வரிசை வைப்பதில் சந்தேகம் வந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ கேளுங்கள். களப்பணியாளர்கள் ஒரு கிராமத்துக்கு ஒரு விவசாயியின் வயலில் இந்த வரிசைகளை வைத்துக் காட்டினால், முள்ளோடு நிற்கும் தாய்ச்செடியின் வரிசையில் முள்ளில்லாப் பிள்ளை வருவதை எல்லோரும் நேரில் பார்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு முள்ளை மட்டும் பார்த்து யாரும் விதைக்குக் காய் விட மாட்டார்கள்.